மாடி எழுப்பும் முன்

நிலநடுக்க வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 முதல் பகுதியின் ஆறாவது திருத்தம் 2016 டிசம்பரில் வெளிவந்தது. அதே ஆண்டில், கம்பி விவரங்களுக்கான ஐ.எஸ். 13920-உம் புதுப்பிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்த வாசகர்கள் நம் இதழின் நிலைப்பாட்டைக் கேட்டு எழுதிவருகிறார்கள். புதிய கட்டடங்களைப் பொறுத்தவரை வரவேற்கிறோம். பழைய கட்டடங்களைப் பொறுத்தவரை, குறிப்பாக அரசுக்குச் சொந்தமான பழைய கட்டடங்களைப் பொறுத்தவரை, நம் மனக்குறை அப்படியே இருக்கிறது.

வரவேற்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம். பகுப்பாய்வில் விரிசல் விட்ட குறுக்குவெட்டைக் கணக்கில் கொண்டு பீமுக்கு 0.35, தூணுக்கு 0.70 என்று விறைப்பைக் குறைத்திருப்பது காலம் கடந்து வந்த நியாயம். இணைப்பில் தூண்களின் வலிமை பீம்களைப்போல் 1.4 மடங்கு இருக்க வேண்டும் என்பதும் அப்படியே. தூணின் குறைந்த அளவு 300 மி.மீ.; பீமில் 20 மி.மீ. கம்பி ஓடினால் 400. தூணை 230 மி.மீ. சுவருக்குள் ஒளித்துவைக்கச் சொல்லும் நம் ஆர்க்கிடெக்ட் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தரைத்தளத்தைத் திறந்துவிட்டுக் கார் நிறுத்தும் வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டதும் நல்லதே. இவற்றைப் பற்றி இனி வரும் இதழ்களில் கணக்கோடு எழுதுவோம்.

பலர் புரட்டிவிட்டுக் கடந்துபோகும் ஒரு விதியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. இருக்கும் கட்டடத்தோடு ஒட்டிச் சேர்க்கப்படும் பகுதி தனித்து நிற்காது என்றால், மொத்தக் கட்டடமும் புதிய கட்டடத்துக்கான நிலநடுக்க விதிகளை நிறைவு செய்ய வேண்டும். இதற்கு விலக்கு உண்டு. ஆனால் அதன் நிபந்தனைகளில் ஒன்று, பழைய உறுப்பு எதிலும் நிலநடுக்க விசை ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. கூடினால் அந்த உறுப்புக்கு அதைத் தாங்கும் திறன் இருப்பதைக் காட்ட வேண்டும். ஐ.எஸ். 1893-இன் 2002 பதிப்பிலும் இருந்த விதிதான். அன்றிலிருந்து யாரும் மதிக்காத விதியும் இதுதான்.

நம் ஊர் அரசுப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளமும் முதல் தளமும் உண்டு, உயரம் 7.2 மீட்டர். மாணவர் எண்ணிக்கை கூடியதால் இரண்டாம் தளம் எழுப்ப ஆணை வருகிறது. உயரம் 10.8 மீட்டராகிறது. அலைவுக் காலம் 0.33 நொடியிலிருந்து 0.45 நொடிக்குப் போகும். நடுத்தர மண்ணில் இரண்டுமே முடுக்கக் குணகத்தின் 2.5 என்ற மேட்டிலேயே நிற்கின்றன. காலம் நீண்டதால் சலுகை ஏதும் இல்லை. எடை கூடிய அளவுக்கு பேஸ் ஷியரும் கூடும். தளங்கள் ஒரே எடை என்றால் அது ஐம்பது சதவீதம். கூரையின் எடை குறைவு என்றால் அது இன்னும் கூடுமே தவிரக் குறையாது. கவிழ்ப்புத் திருப்புமை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஐந்து சதவீத வாசலில் நுழைய வந்தது ஐம்பது சதவீத யானை.

சென்னையில் 2002-க்கு முன் கட்டிய பள்ளியென்றால் அது இரண்டாம் நிலநடுக்க மண்டலத்துக்கு என்று வடிவமைத்தது, அதுவும் நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுத்திருந்தால். 2002-இல் அதே மனை மூன்றாம் மண்டலமானது. முக்கியத்துவக் காரணி 1.5, சாதாரணச் சட்டகத்துக்கு விசைக் குறைப்புக் காரணியான ஆர் 3 என்று வைத்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு கிடைவிசை வருகிறது. இந்த இடத்தில், பழைய கான்கிரீட் கட்டடங்களின் மதிப்பீட்டுக்கான ஐ.எஸ். 15988-ஐக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குறுக்குவழி சொல்கிறார்கள். பழைய கட்டடத்துக்கு எஞ்சிய ஆயுள் குறைவு, எனவே விசையைக் குறைக்கும் யு காரணியை 0.7 வரை இறக்கலாம் என்று. மதிப்பீட்டுக்கு அது சரி. மாடி எழுப்புவதற்கு எப்படிச் சரியாகும்? மேலே புதுத்தளம் போடுகிறவர் அந்தத் தளத்துக்கு முழு ஆயுளைக் கேட்கிறார். அதைத் தாங்கும் தூணுக்கு மட்டும் பாதி ஆயுள் என்று கணக்கெழுத முடியாது. எழுப்பும் பணி எதுவானாலும் யு காரணி ஒன்று என்பதே இவ்விதழின் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம், வெளியிடுகிறோம்.

அடுத்தது லேப், அதாவது பழைய கம்பியோடு புதியதை ஒட்டிச் சேர்ப்பது. எதிர்காலத்துக்கு என்று மொட்டைமாடியில் விட்டுவைத்த கம்பிகளைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. சிமெண்ட் பால் பூசியோ, மட்டக் கான்கிரீட்டில் மூடியோ விட்டிருப்பார்கள். உடைத்துப் பார்த்தால் கால்வாசி துருவாகப் போயிருக்கும். அது பழைய முறுக்குக் கம்பி; இணைப்பது இன்றைய டி.எம்.டி. இதைவிட முக்கியமானது, அந்த லேப் விழும் இடம். ஐ.எஸ். 13920 தூணின் நடுப்பாதியில்தான் லேப் போடச் சொல்கிறது. விட்டுவைத்த கம்பியின் நீளமோ தளமட்டத்தில், வளைவுத் திருப்புமை உச்சத்தில் இருக்கும் இடத்தில் லேப் போட வைக்கிறது. ரிங் இடைவெளி அங்கே 200 மி.மீ. இருந்தால் அதைச் சட்டகம் என்று சொல்ல நாக்கு கூசும். வராந்தாப் பக்கம் ஜன்னல் அடிமட்டம் வரை சுவர் எழுப்பித் தூண்களைக் குட்டையாக்கியிருப்பதைப் பற்றித் தனியே எழுதவே வேண்டாம். உலகம் முழுக்கப் பள்ளிகள் அங்கேதான் உடைந்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கத்தான் மதிப்பீடு. மதிப்பீட்டுக்கு என்று நம் பார்வைக்கு வந்த ஒப்பந்தப்புள்ளிகளில் என்ன இருக்கிறது? ரீபவுண்ட் ஹேமர் இத்தனை புள்ளி, அல்ட்ராசானிக் இத்தனை புள்ளி. கோர் எடுப்பது "தேவைப்பட்டால்". கம்பியைத் திறந்து பார்ப்பது கிடையாது. அடித்தளத்தைத் தோண்டிப் பார்ப்பது கிடையாது. கான்கிரீட்டின் மேல்தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு நிலநடுக்கம் தாங்கும் என்று எழுதித்தரச் சொல்கிறார்கள். எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் நம் சந்தாதாரர்களும்கூட. தாங்காது என்று எழுதினால் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியும். அறிக்கை கோப்பில் படுத்துக்கொள்ளும். எழுதியவருக்கு அடுத்த வேலை வராது. சில மாதம் கழித்து வேறொரு சான்றிதழோடு அதே கூரைமேல் சாரம் ஏறும்.

2004 கும்பகோணம் தீ விபத்துக்குப் பிறகு தனியார் பள்ளிகளிடம் கட்டட உறுதிச் சான்றிதழ் கேட்டுக் கெடுபிடி செய்கிறார்கள். செய்யட்டும், தவறில்லை. அந்தக் கண்டிப்பை அரசு தன் கட்டடங்களிடம் காட்டி நாம் பார்த்ததில்லை. 2014-இல் மௌலிவாக்கத்தில் நிலநடுக்கம் எதுவுமின்றியே கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டபோது பொறியாளர்கள் அத்தனை பேரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசியவர்கள், தங்கள் பொறுப்பில் உள்ள மருத்துவமனைகள் எந்த நிலையில் நிற்கின்றன என்று ஒரு பட்டியல்கூட வெளியிடவில்லை. புதுக்கட்டடம் என்றால் கவலையில்லை என்றும் இருக்க முடியாது. 2016 ஜனவரி 4-ஆம் தேதி 6.7 அளவு நிலநடுக்கத்தில் இம்பாலின் இமா சந்தைக் கட்டடங்கள் நொறுங்கி நின்றன. அரசு கட்டியவை, திறந்து சில ஆண்டுகளே ஆனவை. அதுவும் ஐந்தாம் மண்டலத்தில்.

ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் பழைய கட்டடங்களின் மதிப்பீட்டுக்கும் வலுவூட்டலுக்கும் தனிச்சட்டம் வந்தது. 2008-இல் சிச்சுவானில் பள்ளிகள் இடிந்ததைப் பார்த்துவிட்டு, பொதுப் பள்ளிகளின் மதிப்பீட்டு முடிவை உள்ளாட்சிகள் வெளியிட வேண்டும் என்று விதித்தார்கள். தன் பிள்ளை படிக்கும் கட்டடத்தின் குறியீட்டு எண்ணைப் பெற்றோர் பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகுதான் வலுவூட்டல் வேகம் பிடித்தது. நம்மிடம் ஐ.எஸ். 15988 2013-லிருந்து இருக்கிறது. அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. செய்த மதிப்பீட்டை வெளியே காட்ட வேண்டும் என்பதும் இல்லை. தர நிர்ணய ஆவணத்தையே விலை கொடுத்து வாங்கிப் படிக்க வேண்டியிருந்த நாட்டில் இதை எதிர்பார்ப்பது அதிகப்படிதானோ என்னவோ.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசுப் பள்ளி, மருத்துவமனை எதற்கும் மேல்தளம் எழுப்பும் வரைபடம் உங்கள் மேசைக்கு வந்தால், மூன்று தாள்கள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்: தூணும் அடித்தளமும் திறந்து பார்த்த பதிவு, கோர் முடிவு, யு காரணியை ஒன்றாக வைத்துப் போட்ட கணக்கு. தர மறுத்தால் மறுத்ததை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் படியை, ஊர்ப்பெயரும் துறைப்பெயரும் நீக்கி, நமக்கு அனுப்பலாம். அடுத்த இதழ் முதல் அவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.