உயிர் குடித்த உயிரெழுத்து

“எங்கள் ஆண்டவன் ஒருவனே, ஆகவே எங்களிடம் குழப்பமில்லை” என்று பெருமை பேசும் கிருஸ்தவ அன்பர்களை நாம் அறிவோம். பல தெய்வம் வணங்குவோரைக் கண்டு அவர்கள் பரிதாபப்படுவதும் உண்டு. ஒன்றை எண்ண ஒரு விரல் போதாதா? போதவில்லை, தோழர்களே! எண்ணத் தொடங்கியவர்கள் விறகு அடுக்குவதில் போய் முடிந்தார்கள்.

கி.பி. 325. நைசியா நகரில் பிஷப்புகள் மாநாடு. கூட்டியவர் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன். அலெக்சாண்டிரியாவின் குரு ஏரியஸ் கேட்டது எளிய கேள்வி: மகன் என்றால் தந்தைக்குப் பின் வந்தவன்தானே? வந்தவனும் என்றுமிருந்தவனும் எங்ஙனம் சமமாவர்? தெய்வம் ஒன்றே என்ற கொள்கையைக் காக்கத்தான் அவர் கேட்டார்! தந்தையும் மகனும் ‘ஒரே பொருள்’ என்று மாநாடு முடிவு கட்டிற்று. ஏரியசுக்கு நாடு கடத்தல். அவர் ஏடுகளுக்கு நெருப்பு. பின்னாளில் சமரசம் பேச வந்தோர், ‘ஒத்த பொருள்’ என்று வைத்துக்கொள்வோமே என்றனர். கிரேக்க மொழியில் இவ்விரு சொற்களுக்கும் வேறுபாடு ஒரே எழுத்து, அயோட்டா. நம் இகரம் போன்றதோர் உயிரெழுத்து!

அந்த ஓரெழுத்து படுத்திய பாடு! கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியஸ் எதிர்க்கட்சியை ஆதரித்தான். நைசியாக் கொள்கையின் காவலர் அதனேசியஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். மாநாட்டைக் கூட்டிய கான்ஸ்டன்டைனே 337இல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஏரியசின் பக்கம் நின்ற ஒரு பிஷப்பிடம்! சக்கரவர்த்தி மாறினால் சத்தியமும் மாறிற்று. 380இல் தியோடோசியஸ் ஆணை பிறப்பித்தான்: திரித்துவமே பேரரசின் மதம். வழக்கு முடிந்தது, வாதத்தாலன்று, வாளின் நிழலில்.

“அது பழைய இருட்காலம், சீர்திருத்தம் வந்தது, ஒளி பிறந்தது” என்பர். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவுக்கு வெளியே சாம்பெல் மேட்டில் பிறந்த ஒளியைக் காண்போமா? அது ஸ்பானிய மருத்துவர் மிகெல் செர்வெட்டை உயிரோடு எரித்த தீயின் ஒளி! திரித்துவம் வேதத்தில் இல்லை என்று எழுதியதே குற்றம். பிரான்சில் கத்தோலிக்கரின் விசாரணையிலிருந்து தப்பியவர், போப்பை எதிர்த்த கால்வினின் ஊரில் சிக்கினார். பரம வைரிகள் இருவரும் கைகுலுக்கிய இடம் அந்த விறகுக் கட்டு! எரிக்க வேண்டாம், தலையை வெட்டினால் போதும் என்று கால்வின் கேட்டாராம். என்னே கருணை! தீயின் நடுவில் செர்வெட், “நித்திய கடவுளின் மகனே” என்று ஏசுவை அழைத்தார் என்பர். “கடவுளின் நித்திய மகனே” என்று ஒரு சொல்லை இடம் மாற்றியிருந்தால் கால்வினுக்கு உடன்பாடே!

செர்வெட் நாத்திகரல்லர், நம் கட்சிக்கு அவரை இழுக்கவுமில்லை. ஆனால் அவரோடு எரிந்த நூலில் வேறொரு செய்தியும் இருந்தது. இருதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாக இடப்புறம் சேர்கிறது என்ற செய்தி. இதையே 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் இபின் அல்நஃபீஸ் எழுதியிருந்தார். இத்தாலியக் கொலம்போவின் நூல் 1559இல் கூறிற்று. 1628இல் இங்கிலாந்தின் ஹார்வி இரத்தத்தின் முழுச் சுழற்சியையும் நிறுவினார். ஒருவர் இஸ்லாமியர்; ஒருவர் திரித்துவத்தை மறுத்தவர்; மற்ற இருவர் வெவ்வேறு சபையினர். எந்த மாநாடு இவர்களை ஒன்று சேர்த்தது? எந்தச் சக்கரவர்த்தி ஆணையிட்டான்? அறுத்துப் பார்க்க உடல் இருந்தது, கண்டார்கள், ஒத்துக்கொண்டார்கள். கடவுளின் ‘பொருள்’ என்னவென்று எதை அறுத்துப் பார்ப்பது? பார்க்க வழியில்லாதபோது, மறுத்தவனை அறுப்பதுதானே மிச்சம்!

எடின்பரோவில் தாமஸ் எய்கன்ஹெட் என்ற மாணவன். வயது இருபது, இதைப் படிக்கும் தோழர்கள் பலரின் வயது. திரித்துவத்தைக் கேலி பேசியது முதலிய குற்றங்கள். வருந்தி மன்னிப்புக் கேட்டும் 1697 ஜனவரி 8 அன்று தூக்கிலிட்டனர். செர்வெட்டின் நூலில் தீக்குத் தப்பிய மூன்றே பிரதிகளில் ஒன்று இன்று அதே எடின்பரோவில் இருக்கிறது.

“இப்போது நாங்கள் எரிப்பதில்லையே” என்பார்கள். உண்மை. ஆனால் கையிலிருந்த கொள்ளியைப் பறித்தது யார்? திரித்துவத்தை மறுப்போரைத் தண்டிக்கும் சட்டப் பிரிவுகளை பிரிட்டன் 1813இல் நீக்கிற்று. நீக்கியது பிஷப்புகளின் மாநாடன்று, பாராளுமன்றம். மசோதாவைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஸ்மித். அவரும் திரித்துவத்தை ஏற்காதவர்.