என் கடவுச்சொல் அடுத்த வீட்டுப் பையனுக்குத் தெரியும்

புக்கிட் ரோத்தானில், செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன் நான். செக்ரோல் புத்தகத்தில் ஆள் கணக்கைப் பிசகில்லாமல் எழுதிய கை இது. இனிப்புநீர் கண்ணைக் கொண்டுபோன பிறகு கைப்பேசிதான் எனக்கு எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறது. ஆண்ட்ராய்டில் உள்ள டாக்பேக், விரல் பட்ட இடத்தை வாசிக்கும். தமிழும் வாசிக்கும்.

போன மாதம் ஒரு கட்டணம் கட்ட இணையத்தளத்துக்குள் போனேன். “பொத்தான்... பொத்தான்... பொத்தான்.” எது செலுத்துவது, எது ரத்து செய்வது? பொத்தானில் படத்தை வைத்தவர் அதற்குப் பெயர் எழுதவில்லை. தடவித் தடவி அதைத் தாண்டினால், நான் மனிதன்தான் என்று காட்ட, சாலை விளக்கு உள்ள படங்களைத் தொடச் சொல்கிறது. அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளைதான். ஆனாலும் வங்கிக் கடவுச்சொல்லை அவனிடம் வாய்விட்டுச் சொன்னபோது தொண்டை அடைத்தது. பெற்ற மகளிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

தகவலும் தொழில்நுட்பமும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைப்பது எங்கள் உரிமை என்கிறது மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், 30ஆம் பிரிவில். மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். படத்துக்கு விளக்கம் எழுது, பொத்தானுக்குப் பெயர் வை என்ற வழிகாட்டி நெறிகள் 1999இலேயே உலக அளவில் வந்துவிட்டன. ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க ஒரு வரி போதும். அரசுத் தளத்தைச் செய்துகொடுத்தவருக்குப் பணம் கொடுக்குமுன், கண் தெரியாத ஒருவரை உட்காரவைத்து அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆள் தேடி அலைய வேண்டாம். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது.

நம்மவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கோயில் திருவிழா, சங்கக் கூட்டம், மரண அறிவிப்பு எல்லாம் வாட்ஸ்அப்பில் படமாகவே வருகின்றன. எழுத்து படத்துக்குள் இருந்தால் என் கைப்பேசி “படம்” என்று மட்டும் சொல்லும். என்னோடு வேலை பார்த்த மண்டோர் இறந்த செய்தி இரண்டு நாள் அப்படித்தான் என் சட்டைப்பையில் கிடந்தது. எனக்குத் தெரிந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். தட்டச்சுக்கு நமக்கு வழியில்லாமல் இல்லை. படத்தோடு பெயர், இடம், நேரம் மூன்றையும் எழுத்தாக அனுப்புங்கள். அன்று அப்படி அனுப்பியிருந்தால், நானும் வந்து கடைசியாக ஒரு பிடி மண் போட்டிருப்பேன்.