முதலாளிக்கும் ஒரு வாத்தியார்

பெரிய கம்பெனித் தலைவர்களுக்கும் அவர்களுடைய அதிகாரிகளுக்கும் பயிற்சி கொடுக்கவென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். "நாற்பது வருஷம் பெட்டியடியில் உட்கார்ந்தவனுக்கு யார் பாடம் சொல்வது?" என்று நாமும் சிரித்தவர்கள்தாம்.

அத்தகைய ஆலோசகர்களில் பெயர் பெற்றவர் ராம் சரண். உத்தரப்பிரதேசத்து ஹாப்பூரில் குடும்பச் செருப்புக் கடையில் வளர்ந்தவர். ஹார்வர்டில் 1967-இல் டாக்டர் பட்டம் பெற்று, ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனத் தலைவர்களுக்கு ஆலோசனை சொன்னவர். 2001-இல் அவர் எழுதிய நூலின் சாரம் இதுதான்: ரொக்கம், லாபம், சரக்கு சுழலும் வேகம், வளர்ச்சி, வாடிக்கையாளர் என்ற கணக்கு, தெருவில் கூவி விற்பவருக்கும் கம்பெனித் தலைவருக்கும் ஒன்றே.

இது நமக்குத் தெரியாததல்ல. நாம் தவறும்போது எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. எங்கள் கடையில் ஒரு பார்ட்டிக்குக் கடன் ஏறிக்கொண்டே போனது கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். எங்கள் கோபத்துக்குப் பயந்து சொல்லவில்லை. பாக்கி வசூலாகவில்லை. குற்றம் அவருடையதல்ல.

முத்தையாபுரத்துச் சிறு வியாபாரி காசு கொடுத்து ஆலோசகர் வைக்க வேண்டாம். மாதம் ஒருநாள் கடையடைத்தபின் கணக்குப்பிள்ளை, மகன், கடைப்பையன் எல்லோரையும் உட்காரவைத்து, "நம்மிடம் என்ன தவறு?" என்று கேட்போம், குறுக்கே பேசாமல் கேட்போம். நம் சரக்கில் போட்டியில்லாத சங்க உறுப்பினர் ஒருவரிடம் பேரேட்டைக் காட்டி யோசனை கேட்போம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசலாமே!