அணங்கோ, அயலானோ?

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன்)

மக்கள் உள்ளத்தெழும் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். அணங்கு, விலங்கு, கள்வர், அரசு என்பன அவை. இப்பகுதியை யாங்கள் பாடங்கேட்ட அன்று மாலை, விடுதியில் நண்பர் ஒருவர் தம் கணினியில் ஆடிக்கொண்டிருந்த வீடியோ விளையாட்டொன்றை அருகிருந்து காண நேர்ந்தது. காலையிற் கேட்ட இலக்கணமும் மாலையிற் கண்ட விளையாட்டும் என் உள்ளத்தில் வழக்காடத் தொடங்கின. அவ்வழக்கில் யான் கண்ட முடிபையே ஈண்டு அன்பர்கள்முன் வைக்கின்றேன். விளையாட்டைப் பற்றியா கல்லூரி மலரில் எழுதுவது எனச் சினவாது, ஆசிரியப் பெருமக்கள் சற்றே பொறுத்துக் கேட்பார்களாக.

விளையாட்டின் பெயர், 'மூழ்கும் நகரம்' எனப் பொருள்படும் 'தி சிங்க்கிங் சிட்டி'. ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் விளையாட்டுக்களைப் பல ஆண்டுகள் இயற்றிப் பழகிய ஃபிராக்வேர்ஸ் என்னும் நிறுவனம், உக்ரைன் நாட்டுக் கீவ் நகரிலிருந்து 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதனை வெளியிட்டது. கதை நிகழுங்காலம் 1920க்குப் பிற்பட்ட ஆண்டுகள். களம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஓக்மாண்ட் என்னும் கற்பனை ஊர். இயற்கைக்கு மாறான வெள்ளம் அவ்வூரின் தெருக்கள் பலவற்றை விழுங்கிவிட்டது. மக்கள் சித்தங் கலங்கித் திரிகின்றனர். நாணயம் மதிப்பிழந்து, துப்பாக்கிக் குண்டே பணமாக வழங்குகின்றது. முதல் உலகப் போரிற் பணிபுரிந்து மீண்ட சார்லஸ் ரீட் என்னும் துப்பறிவாளன், தன்னை வாட்டும் கொடுங்காட்சிகளின் காரணத்தைத் தேடி அங்கு வருகின்றான். அவனாய் நின்று ஆடுகின்றவர் நாம்.

இதன் வேர், எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) என்னும் அமெரிக்க எழுத்தாளரின் கதைகளில் உள்ளது. 1928இல் வெளியான 'கதூலுவின் அழைப்பு' அவற்றுட் பெயர்பெற்றது. எல்லையற்ற பேரண்டத்தில் மனிதன் ஒரு துகள்; அவனுக்கு முன்னும் இருந்து, பின்னும் இருக்கவல்ல பெரும்பொருள்கள் அவனை விரும்புவதுமில்லை, வெறுப்பதுமில்லை; பொருட்படுத்துவதேயில்லை. அவற்றை அறியப் புகுவோன் தன் அறிவையே இழப்பான். இதுவே அக்கதைகள் ஊட்டும் அச்சம். தொல்காப்பிய நெறியால் நோக்கின், அணங்கின்பாற் பிறக்கும் அச்சத்தோடு, பெருமை காரணமாகப் பிறக்கும் மருட்கையும் விரவியது இஃது எனலாம். துப்பறியும் கதையோ கள்வரின்பாற் பிறக்கும் அச்சத்தைப் பொருளாகக் கொண்டது. கள்வரச்சத்தை அறிவு தீர்க்கும். அணங்கச்சமோ அறிவை விழுங்கும். தம்முட் பகையான இவ்விரண்டையும் ஒரே நுகத்திற் பூட்டியதே இவ்விளையாட்டின் புதுமை.

துப்பறியும் கதை தமிழர்க்குப் புதிதன்று. ஜே. ஆர். ரங்கராஜு அவர்கள் 1908இல் 'இராஜாம்பாள்' நாவலை வெளியிட்டு, கோவிந்தன் என்னும் துப்பறிவாளனை நம்மவர்க்கு அறிமுகம் செய்தார். நம் கோவையிற் பிறந்த ராஜேஷ்குமார் அவர்கள் எழுதிய நாவல்கள் 1500க்கும் மேற்பட்டவை. அவற்றைப் பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கி, ஊர்போய்ச் சேருமுன் படித்து முடித்தோர் நம் பெற்றோருள் எத்துணையரோ! ஆயினும் நாவலில் வாசகன் பின்செல்பவன். முடிச்சை இட்டவரே அவிழ்த்தும் காட்டுவார். மூழ்கும் நகரத்திலோ அவிழ்க்கும் பணி ஆடுவோனுடையது. 'இங்கே போ, இதை எடு' என்று வழிகாட்டும் குறி பெரும்பாலும் இல்லை. ஒரு கடிதத்தில் இரண்டு தெருக்களின் பெயர் கண்டால், படத்தை விரித்து அவை கூடும் இடத்தைத் தானே தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். காவல்நிலையம், மருத்துவமனை, செய்தித்தாள் நிலையம் முதலியவற்றின் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். கிடைத்த சான்றுகளைத் தன் மனத்தினுள்ளே ஒன்றோடொன்று இணைத்து, இன்னார் இது செய்தார் எனத் துணிய வேண்டும். அத்துணிவு தவறாயினும் தடுப்பார் இல்லை.

இனி, ஆடுவோர் இதனை ஏற்ற வகையைக் கூறுவேன். எம் விடுதியில் இதனை ஆடிப் பார்த்த நண்பர்கள் மூன்று திறத்தினர் ஆயினர். முதல் திறத்தார், பூதங்களைச் சுடுவதற்கென்றே புகுந்தோர்; சுடுதல் சுவைக்கவில்லையெனச் சலித்து இரண்டாம் நாளே கைவிட்டனர். இரண்டாந் திறத்தார், தெருப்பெயர் தேடவும் ஏடு புரட்டவும் பொறுமையின்றி, விடையைப் பிறரிடம் கேட்டறிந்து, முடிவை மட்டும் கண்டு, 'இவ்வளவுதானா!' என்றனர். மூன்றாந் திறத்தார் இருவரே. அவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அமர்ந்து, உணவு மணி அடித்ததும் அறியாராய் வழக்காடிக்கொண்டிருந்தனர். உலகெங்கும் இதனை மதிப்பிட்டோரும் ஏறத்தாழ இவ்வாறே பிரிந்தனர். ஆராயும் முறையைப் பலரும் புகழ்ந்தனர். சண்டைக் காட்சிகள் செம்மையாக இல்லை, ஒரே அச்சில் வார்த்த வீடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன எனப் பலரும் குறை கூறினர். இக்குறைகள் மெய்யே, யானும் மறுக்கவில்லை. மனிதன் சித்தங் கலங்குவதை ஒரு கோட்டின் ஏற்ற இறக்கமாக அளந்து காட்டுவதும் எனக்கு உவப்பன்று. துயருற்ற மனம் மருந்துப் புட்டி ஒன்றால் நொடியில் நிரம்பிவிடும் பாத்திரம் அன்று.

ஆனால், 'எவ்வளவு துப்பறிந்தும் முடிவு மூன்றனுள் ஒன்றேனும் மனநிறைவு தரவில்லையே' என்னும் குறையை யான் ஒப்பேன். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படித்தோர், வீட்டுக்கு வந்த அப்பெண் மானிடப் பிறவியோ பேயோ என்று இறுதிவரை தெளியார். தெளியாமையே அக்கதையின் உயிர். அறிய இயலாததை அறிய இயலாதது என்று ஒப்புக்கொள்வதும் அறிவின் கடனே. அறியக்கூடியதை அறிய முயலாமையே இழுக்கு. இவ்விரண்டனையும் வேறுபிரித்துக் காட்டுவதாலேயே இவ்விளையாட்டு எனக்குப் பெருமையுடையதாகத் தோன்றுகின்றது.

அதனை விளக்குவேன். ஓக்மாண்டில் இன்ஸ்மவுத்தார் என்றொரு கூட்டத்தார் உளர். தம் ஊர் அழிந்தமையால் அடைக்கலம் தேடி வந்தவர், மீன்போன்ற முகமுடையவர். ஊரில் எத்தீங்கு நேரினும் முதற்பழி இவர்மீதே விழும். லவ்கிராஃப்ட் 1936இல் வெளியிட்ட 'இன்ஸ்மவுத்தின் மீதான நிழல்' என்னும் கதையில் இவர்கள் அருவருக்கத்தக்க கலப்புப் பிறவிகள்; அவரைக் கண்டு அஞ்சி ஓடுவதே கதை. அவ்வெழுத்தாளர் வேற்றினத்தாரை மனமார வெறுத்தவர் என்பது அவர் எழுதிய கடிதங்களாலேயே விளங்கும். அவர் அணங்கென்று காட்டியவற்றுட் பல, அயலான்மீது அவர் கொண்ட அச்சத்தின் நிழலே. விளையாட்டை இயற்றியோர் இதனை மறைக்கவில்லை. அக்காலத்துச் சிறுபான்மையோர் பட்ட கொடுமை இதில் உள்ளவாறு காட்டப்பெறுகின்றது என்னும் கருத்துப்பட ஓர் அறிவிப்பைத் தொடக்கத்திலேயே வைத்தனர். முதல் வழக்கிலேயே இன்ஸ்மவுத்தான் ஒருவனைக் காட்டிக்கொடுப்பதா, காப்பதா என்னும் தீர்ப்பை நம் கையில் ஒப்புவித்தனர். எம் விடுதியில் முதலிரு திறத்தாரும் அவனைச் சிறிதும் எண்ணாது காட்டிக்கொடுத்தனர். ஏனென வினவினேன். 'முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?' என்றார் ஒருவர். நகைத்துக்கொண்டேதான் கூறினார். எனக்கு நகை தோன்றவில்லை.

ஏனெனில், முகத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்த ஊர் ஒன்றைத் தமிழ் மாணவர் அறிவோம். மதுரைக்கு வந்த கோவலன் புகாரினின்றும் வந்த அயலான். அவனைக் கள்வன் என்றவன், அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்த பொற்கொல்லன். கொல்ல வந்த காவலருள்ளும் இவன் கள்வனல்லன் என எண்ணியோர் இருந்தனர். கள்வரின் திறங்களை விரித்துரைத்து அவர்தம் ஐயத்தைப் பொற்கொல்லன் அடக்கினான். அரசன் ஆராயவில்லை. ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்தால் தீரும் வழக்கு அது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சான்று இருந்தது, காலந்தாழ்ந்து வெளிப்பட்டது. அதற்குள் கோவலன் மடிந்தான், பின்னர் அரசன் மடிந்தான், நகர் எரிந்தது.

அது பண்டைக்கதை என்பீரேல், அண்மைக்கதையும் உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், கோயில் வழிபாட்டின் பொருட்டுச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தை கடத்துபவர் என்னும் வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். கைபேசியிற் பரவிய பொய்யை நம்பினோர், எதிர்நின்ற முதியவரை ஒரு வினாவேனும் வினவி உண்மை காணப் பொறுத்திலர்.

2023 மார்ச்சில் இவ்வச்சமே திசைமாறி வீசிற்று. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கிக் கொல்லப்படுகின்றனர் எனப் பொய்க் காணொளிகள் பரவின. என் ஊர் திருப்பூரை அடுத்தது. எங்கள் தெருவின் லைன் வீடுகளில், பின்னலாடைத் தொழிலுக்கு வந்த பீகார் இளைஞர் நால்வர் குடியிருந்தனர். ஒருநாட் காலை அவர்கள் கதவு பூட்டிக் கிடந்தது. இரவோடிரவாகப் புகைவண்டி ஏறிவிட்டனர் என்றார் வீட்டுக்காரர். யாம் அவரைக் கண்டு அஞ்சியதுண்டு. அவர் எம்மைக் கண்டு அஞ்சக்கூடும் என்று அன்றுவரை யான் நினைத்ததேயில்லை. மூன்றாண்டு அண்டைவீட்டாராய் இருந்தும் அவர்தம் பெயரை யான் கேட்டறிந்திலேன் என்னும் நாணமும் அன்றே தோன்றிற்று. தமிழ்நாட்டுக் காவல்துறை அக்காணொளிகள் பொய்யென விளக்கியது. பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளரை நேரிற் கண்டு வினவினர். பூதங்கள் எங்குமில்லை, ஆராயாத அச்சம் ஒன்றே இருந்தது. சில கிழமைகளில் அந்நால்வருள் இருவர் மீண்டு வந்தனர். இம்முறை யான் பெயர் கேட்டேன்.

'விளையாட்டு விளையாட்டே, அதில் அறம் தேடுவானேன்?' எனச் சிலர் வினவலாம். கூத்தும் ஒருகாலத்தில் வெறும் களியாட்டமென்றே தள்ளப்பட்டது, நாவலும் தள்ளப்பட்டது. பல மணிநேரம் ஒருவனுடைய கண்ணையும் கையையும் பற்றி ஆளுவது எதுவாயினும், அஃது அவன் மனத்துக்கு ஒரு பழக்கத்தைக் கற்பித்தே தீரும். கண்டவுடன் சுடும் பழக்கமா, கண்டதை ஆராயும் பழக்கமா என்பதே வினா.

ஆதலின், 2024இல் அறிவிக்கப்பெற்ற இவ்விளையாட்டின் இரண்டாம் பாகத்தைப் பற்றிய செய்தி எனக்குத் துயர் தந்தது. அதில் அச்சத்தினின்று உயிர்தப்புதலே முதன்மை. துப்பறிதல் விரும்புவோர் செய்துகொள்ளலாம் என்று அதனை இயற்றுவோர் கூறியுள்ளனர். வாங்குவோர் விருப்பத்தை நோக்குவது வணிகர்க்கு இயல்பு. அவரை யான் பழியேன். ஆயினும், ஆராய்ச்சி விரும்பினாற் செய்யும் ஒன்றாய்ப் போனபின் எஞ்சுவது யாது? அச்சமும் ஆயுதமுமே அன்றோ! அவை இரண்டும் சேர்ந்து என் செய்யும் என்பதை மதுரையும் திருவண்ணாமலையும் காட்டிவிட்டன.

மாணவத் தோழர்களே! பேரண்டத்தின் பெருமைக்கு அஞ்சுக. அவ்வச்சம் நம்மைப் பணிவுடையோராக்கும். ஆனால் அடுத்த வீட்டு அயலானுக்கு அஞ்சுமுன், தாளும் எழுதுகோலும் கொண்டு அமர்ந்த அவ்விரு நண்பர்களைப்போல, சான்று யாது என ஒருமுறை கேளுங்கள். முதற்கேள்வி அவன் பெயராக இருக்கட்டும்.