பெரிய சில்லு ட்ராக்கில் செல்லாது

எந்தக் கராஜ் வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை இஞ்ச் றிம் மச்சான்?" ரயர் என்ன, எந்த வருஷத்தது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. 17 எண்டால் ஒரு தலையாட்டல். 18 எண்டால் தோளில் ஒரு தட்டு. 14, 15 எண்டால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீதியில் அழகுக்காக யார் எந்தச் சில்லைப் பூட்டினாலும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அவரவர் கார், அவரவர் காசு. எங்கட சண்டை "ட்ராக்குக்கு எண்டுதான் பெரிசு போட்டனான்" என்ற கதையோடுதான். தெரியாமல் சொன்னால் அது அறியாமை. தெரிந்துகொண்டு விற்றால் அது ஏமாற்று. அந்தக் கதையில் போகிறது காசு மட்டும் இல்லை.

எங்கட கூட்டத்தில் ஒருவனிடம் பழைய மஸ்டா ரோட்ஸ்டர் இருக்கிறது. 1989இல் வந்த முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5. ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த பாரம், ஏறக்குறைய 120 குதிரை வலு. கம்பனி கொடுத்த ரயர் 185/60 ஆர் 14. இரண்டு வருஷம் காசு சேர்த்து, ட்ராக் நாளுக்கெண்டு 17 அங்குல அலோய் செற் ஒன்றும் அதில் ஏறிய 205/40 ஆர் 17 ரயர் நாலும் வாங்கினான். ரயர் பாவித்தவை. "புதுசு மாதிரித்தான் தம்பி, பூவெல்லாம் அப்படியே இருக்கு" எண்டு விற்றவர் சொன்னார். பூ இருந்தது உண்மை.

நாலாவது சுற்றில் பின்பக்க ரயர் ஒன்றின் மேற்பட்டை உரிந்தது. கார் இரண்டு தரம் சுழன்று புல்லுக்குள் போய் நின்றது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. புல்லுக்குப் பதிலாக அந்த இடத்தில் மதில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். பிறகுதான் ரயரின் பக்கத்தில் இருந்த நாலு இலக்கத்தைப் பார்த்தோம்: 1113. 2013ஆம் ஆண்டின் 11ஆவது கிழமை. பத்து வருஷத்துக்கும் மேல் வெயிலில் காய்ந்த ரப்பர். றிம்மில் ஒரு கீறல்கூட இல்லை. காசெல்லாம் றிம்முக்குப் போய்விட்டது, உயிரைத் தாங்கிற ரப்பருக்கு மிச்சம் இருக்கவில்லை.

"அது பழைய ரயரின் பிழை, பெரிய றிம்மின் பிழை இல்லை" எண்டு சொல்லுவீர்கள். சரி, அந்த ரயர் புதுசாகவே இருந்திருக்கட்டும். அப்போதும் அந்தத் தெரிவு பிழைதான். கணக்கைப் பாருங்கள்.

ரயரில் எழுதியிருக்கிற முதல் இலக்கம் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசி, றிம்மின் விட்டம் அங்குலத்தில். 185/60 ஆர் 14 ரயரின் முழு விட்டம் ஏறக்குறைய 578 மி.மீ. 205/40 ஆர் 17 எண்டால் 596 மி.மீ. மூன்று வீதம் பெரிசு. "மூன்று வீதம்தானே?" அந்த மூன்று வீதம் எல்லாக் கியரையும் மூன்று வீதம் நீட்டிவிடும். அந்தக் காரின் இறுதிப் பல்விகிதம் 4.3. பெரிய சில்லைப் பூட்டினால் அது 4.17 ஆனதுக்குச் சமன். வளைவிலிருந்து வெளியே வரும்போது கார் சோம்பலாக இழுக்கும். எஞ்சினுக்குள் கைவைத்துக் குதிரை வலு கூட்டுவதற்கு ஆக்கள் இலட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். இவன் காசு கொடுத்துக் குறைத்துக்கொண்டான்.

பாரம் இன்னொரு கதை. பழைய சில்லையும் புதிய சில்லையும் ரயரோடு தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கூட. நாலுக்கும் சேர்த்து இருபது கிலோ. காருக்குள் ஒரு மூட்டை அரிசி வைத்தது மாதிரி எண்டு நினைக்காதீர்கள், அதைவிட மோசம். அரிசி மூட்டையை முன்னால் நகர்த்தினால் போதும். சில்லின் ஓரத்தில் இருக்கிற பாரத்தை நகர்த்தவும் வேணும், சுழற்றவும் வேணும், பிரேக் பிடிக்கும்போது அந்தச் சுழற்சியை நிறுத்தவும் வேணும். அதோடு அந்தப் பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. மேடு பள்ளத்தில் சில்லு துள்ளினால் அதைத் திருப்பி நிலத்தில் அமத்துகிற வேலை ஷொக் அப்சோபருக்கு. பாரம் கூடக்கூட அது தோற்கும். நிலத்தைத் தொடாத ரயருக்குப் பிடிப்பு எங்கே இருந்து வரும்?

மஸ்டாவைப் பாருங்கள். 2015இல் நான்காம் தலைமுறை எம்.எக்ஸ்-5 வந்தபோது, முந்தைய மாடலில் சில்லுக்கு ஐந்தாக இருந்த நட்டை நாலாகக் குறைத்தார்கள். 1.5 லீற்றர் மாடலுக்கு 195/50 ஆர் 16 கொடுத்தார்கள். செய்தவன் நட்டைக் குறைத்துக் கிராம் கணக்கில் மிச்சம் பிடிக்கிறான். வாங்கினவன் கிலோ கணக்கில் ஏத்துகிறான்.

அடுத்த வாதம்: "அகலம் கூடினால் பிடிப்புக் கூடும்தானே?" இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை நாங்கள் மறைக்கமாட்டோம். ஒரு ரயரின் மேல் வருகிற பாரம் இரண்டு மடங்கானால் அதன் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். வளைவில் முழுப் பாரமும் வெளிப்பக்க ரயரில் விழும்போது அகலமான ரயர் அதை நன்றாகத் தாங்கும், சூட்டையும் பரப்பிவிடும். ஆனால் நிலத்தைத் தொடுகிற ரப்பரின் பரப்பு பெரும்பாலும் பாரத்திலும் காற்றழுத்தத்திலும்தான் தங்கியிருக்கிறது. அகலத்தைக் கூட்டினால் அந்த உள்ளங்கை அளவு இடத்தின் வடிவம் மாறும், இடம் அவ்வளவாக வளராது. ரப்பருக்கு வேலை செய்ய ஒரு சூடும் வேணும். ஆயிரம் கிலோக் காருக்கு அளவுக்கு மீறிய அகலத்தில் ரயர் போட்டால் அந்தச் சூட்டுக்கு அது வரவே வராது. மழை பெய்தால் இன்னும் மோசம். அகலமான ரயர் தண்ணீருக்கு மேல் முதலில் மிதக்கும்.

இன்னொன்று: அகலமான ரயரை ஒடுங்கிய றிம்மில் ஏற்றினால் பக்கச் சுவர் வெளியே பிதுங்கி, வளைவில் உருளும். ஒடுங்கிய ரயரை அகல றிம்மில் இழுத்துப் பூட்டுவது ஸ்டைல் எண்டு நினைக்கிற பெடியளும் இருக்கிறார்கள். அது ஸ்டைல் இல்லை, ரயர் றிம்மை விட்டுக் கழரப் பார்த்துக்கொண்டிருக்கிற நிலை. ட்ராக்கில் றிம்மின் விட்டத்தைவிட றிம்மின் அகலம்தான் முக்கியம். அதை ஒருத்தரும் கராஜ் வாசலில் கேட்கிறதில்லை.

"ஃபோர்முலா 1 கூட 18 அங்குலத்துக்கு மாறிட்டுதே!" இது எங்களுக்கு அடிக்கடி வருகிற பதில். மாறினது உண்மை, 2022இல். ஆனால் வேகத்துக்காக மாறவில்லை. வீதியில் ஓடுகிற கார்களின் ரயரோடு பொருந்தி வரவேண்டும் என்பதுதான் காரணம். காரின் ஆகக் குறைந்த பாரம் 2021இல் 752 கிலோ, 2022இல் 798 கிலோ. சில்லு மட்டும் காரணம் இல்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். 2020இல் மொன்ஸாவில் லூயிஸ் ஹமில்டன் தகுதிச் சுற்றில் மணிக்கு 264.362 கி.மீ. சராசரி வேகத்தில் ஓடினார். அது 13 அங்குல றிம்மில், கொழுத்த பக்கச் சுவரோடு. 18 அங்குலக் கார்கள் வந்து மூன்று பருவம் ஓடியும் அந்தச் சாதனை அசையவில்லை, 2025இல்தான் முறிந்தது. இப்போது 2026 விதிகளில் முன் ரயரை 25 மி.மீ., பின் ரயரை 30 மி.மீ. ஒடுக்கியிருக்கிறார்கள். ஃபோர்முலா 1ஐ உதாரணம் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக் காட்டட்டும்.

ரொயோட்டா ஜி.ரி.86 2012இல் வந்தபோது எல்லாரும் பகிடி பண்ணினார்கள். 200 குதிரை வலு ஸ்போர்ட்ஸ் காருக்கு 215/45 ஆர் 17, அதுவும் மிச்சலின் பிரைமசி. "பிரியஸ் ரயர் போட்டிருக்கிறாங்கள்" எண்டு சிரித்தார்கள். தலைமைப் பொறியியலாளர் டெட்சுயா டாடாவின் குழு அதைத் தெரிந்துகொண்டுதான் செய்தது. காரின் எல்லை, சாதாரண ஆளின் கைக்கும் எட்டுகிற வேகத்தில் இருக்க வேணும் என்பது அவர்களுடைய எண்ணம். சரி, அந்த ரயரில் ட்ராக்கில் வேகமாக ஓட முடியாது. ஆனால் அதற்கு மருந்து 18 அங்குலம் இல்லை. அதே 17இல், அதே அளவில், ஒட்டுகிற கலவையில் ரயர் போட்டாலே வித்தியாசம் தெரியும். இன்னும் வேணுமெண்டால் 9 அங்குல அகல றிம்மில் 245/40 ஆர் 17. முழு விட்டம் 625இலிருந்து 628 மி.மீ. ஆகும், அவ்வளவுதான். கியர் கெடாது. நாலு சில்லும் ஒரே அளவு எண்டபடியால் முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் பூட்டி ரயரைச் சமனாகத் தேய்க்கலாம்.

பெரிய சில்லு தேவைப்படுகிற கார்கள் இல்லையா? இருக்கின்றன. நிஸான் ஜி.ரி-ஆருக்கு 20 அங்குலம். அந்தக் காரின் பாரம் 1,700 கிலோவுக்கும் மேல், முன் பிரேக் டிஸ்க் 380 மி.மீ. அதைச் சின்ன றிம்முக்குள் அடக்க முடியாது. அங்கே சில்லைப் பெரிசாக்கினது பிரேக். எங்கட நண்பனின் ரோட்ஸ்டரில் முன் டிஸ்க் 235 மி.மீ. 17 அங்குல றிம்முக்குள் அது ஒரு பெரிய தட்டில் வைத்த பப்படம் மாதிரி இருந்தது. பார்க்கவே பாவம்.

அப்ப என்னதான் செய்கிறது? எங்கட நிலைப்பாடு சுருக்கமானது. முதலில் நல்ல, புதிய, ட்ராக்குக்கு ஏற்ற கலவையில் எந்த ரயர் எந்த அளவில் கிடைக்கிறது எண்டு பாருங்கள், றிம்மை அதற்குப் பிறகு தேடுங்கள். பிரேக்குக்கு மேலால் இடிக்காமல் போகிற ஆகச் சின்ன விட்டத்தை எடுங்கள். ரயருக்குப் பொருந்துகிற றிம் அகலத்தை எடுங்கள். முழு விட்டம் பழையதை விட்டுத் தூரம் போகக் கூடாது. நாலு சில்லும் இழுக்கிற காரில் முன்னும் பின்னும் வேறு வேறு விட்டம் போட்டால் நடு டிஃபரென்ஷியலையே தின்றுவிடும். றிம்மின் ஒஃப்செற் மாறினால் சில்லு வெளியே தள்ளி நிற்கும், ஸ்டியரிங் இழுக்கும், பெயாரிங் தேயும். பாரக் குறியீட்டைப் பாருங்கள். கடைசியாக அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். உண்மையில் அதைத்தான் முதலில் பார்க்க வேணும்.

அந்த ரோட்ஸ்டருக்கு இப்போது 15 அங்குலம், 195/50 ஆர் 15. முழு விட்டம் 576 மி.மீ., கம்பனி அளவிலிருந்து ஒரு மயிரிழை. அமெரிக்காவில் இந்தக் காருக்கெண்டே நடக்கிற ஸ்பெக் மியாற்றா போட்டியிலும் 15 அங்குலம்தான், 205/50 அளவில். அது விதியால் வந்த தெரிவு என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த அளவில் பந்தயமே ஓடலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 17 அங்குல செற்றை விற்ற காசில் நாலு புது ரயர், பிரேக் பாட், நல்ல பிரேக் எண்ணெய், ஒரு அலைன்மென்ற் எல்லாம் முடிந்தது.

இதில்தான் எங்கட கோபத்தின் அடி இருக்கிறது. "ட்ராக் எண்டால் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு" எண்டு சொல்லிச் சொல்லியே எங்களைப் போன்றவர்களை வெளியில் நிற்பாட்டுகிறார்கள். பெரிய சில்லு வேணும் என்ற பொய் அந்தக் கதவில் தொங்குகிற இன்னொரு பூட்டு. சின்னச் சில்லுக்கு ரயர் மலிவு, பாரம் குறைவு, வேகம் கூட. பத்தாயிரம் கொஞ்சம் கூடக் குறைய எண்டு பார்த்துச் சேர்க்கிற பெடியனுக்கு இந்த உண்மை தெரிந்தால் அவன் இரவில் ஏ9 வீதியில் உயிரைப் பணயம் வைக்காமல் ட்ராக்குக்கு வருவான். தெரியாவிட்டால் பளபளக்கிற றிம்மில் பழைய ரப்பரை ஏற்றிக்கொண்டு வருவான், அல்லது வராமலே போவான்.

அடுத்த முறை யாராவது "எத்தனை இஞ்ச் மச்சான்?" எண்டு கேட்டால், குனிந்து ரயரின் பக்கத்தில் இருக்கிற அந்த நாலு இலக்கத்தை வாசித்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.