ஏறும் வலு மட்டும் போதுமா?

கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டில் பழைய லாண்ட் றோவர் வண்டிக்கு ஜப்பானிய டீசல் எஞ்சின் பூட்டுவது புதிதன்று. 1948-ல் அவ்வண்டி பிறந்தபோது அதன் பெற்றோல் எஞ்சினுக்கு ஏறக்குறைய 50 குதிரை வலுவே இருந்தது. 2020-ல் நின்ற வாகன இறக்குமதி 2025-ல்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழையதை ஒட்டுப்போட்டே காலந்தள்ளினோம். ஆகவே எஞ்சின் மாற்றுவோரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் ஒன்று கேட்கின்றோம். தெல்தோட்டையிலிருந்து மரக்கறி மூட்டைகளுடன் இறங்கும் வண்டியை நிறுத்துவது எது? நான்கு சில்லுகளிலுமுள்ள பழைய டிரம் பிரேக்குகளல்லவா! வலு கூடினால் வேகமும் கூடும். வேகம் இரட்டித்தாலோ பிரேக் விழுங்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடி தளரும். கியர்ப்பெட்டியும் பின் அச்சும் பழைய வலுவுக்கென வார்க்கப்பட்டவையே. (அச்சு முறிந்தபின் கராஜ்காரரை ஏசிப் பயனில்லை.) மூட்டைகளின்மேல் அமர்ந்து வருவோரோ, நம் தோட்டத்துத் தாய்மாரும் பிள்ளைகளுமே.

எஞ்சின் மாற்றத்தைப் பதியுமுன் பிரேக்கை மலையிறக்கத்திலே சோதிக்குமாறு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைக் கோருகின்றோம். அவ்விதியைத் தமிழிலும் விளக்க வேண்டும். எஞ்சினுக்கு இலட்சங்களை எண்ணிக் கொடுக்கும் அன்பர்கள், முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் பூட்ட ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கட்டும்.