வண்டி அனுப்பும் தகவல் வண்டிக்காரருக்கே முதலில்: பூதலூர் வாடகைக் கார், வேன் ஓட்டுநர்களின் நிலைப்பாடு

இன்டர்நெட் கார் வேண்டாம் என்று எங்கள் சங்கம் சொல்லவில்லை. 2019இல் எம்.ஜி. ஹெக்டரும் ஹூண்டாய் வென்யூவும் உள்ளேயே சிம் பதித்து விற்பனைக்கு வந்தன. சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு அது விருப்பம். மஞ்சள் போர்டு வண்டிக்கு அதுவே சட்டம். 2016 நவம்பரில் அறிவித்த மத்திய மோட்டார் வாகன விதி 125ஹெச்-இன்படி, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வாடகை வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் பேனிக் பட்டனும் இருந்தாக வேண்டும். ஆட்டோவுக்கு விலக்கு உண்டு.

பயணிகளின், குறிப்பாகப் பெண்களின் பாதுகாப்புக்காக வந்த விதி. அதன் நோக்கத்தில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கல்லணை பார்க்க வரும் பிள்ளைகள் அந்தச் சிவப்புப் பட்டனைக் காலிங் பெல் மாதிரி அமுக்கி விளையாடுகிறார்கள். அமுக்கினால் அந்தப் பக்கம் யார் எடுப்பார்கள் என்று கேட்டால், எங்களில் பலருக்கே பதில் தெரியாது. சிம் காலாவதியானால் பெட்டி ஊமை. விற்றவர் கடையைக் கட்டிவிட்டால், எஃப்.சி.க்குப் போகும் முன் புதுப் பெட்டி வாங்க வேண்டியதுதான்.

செலவைக்கூடச் சமாளித்துவிடலாம். பயம் வேறு இடத்தில். ஓட்டும் முறையைப் பார்த்து பிரீமியம் போடும் பாலிசிகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. குறுவை அறுப்பு சமயத்தில் திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் வந்து பாருங்கள். பாதி ரோட்டில் நெல் காய்கிறது. குவியலைச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறது. இருட்டினால் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. எதிரே அறுவடை மெஷின் ஏற்றிய லாரி. சடன் பிரேக் போடாத டிரைவர் இங்கே கிடையாது. போட்டதால்தான் ஆள் பிழைக்கிறது. கருவியின் கணக்கிலோ அவர் முரட்டு டிரைவர்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. கார்களிலிருந்து வந்த இருப்பிட, ஓட்டும் முறைப் பதிவுகளை ஒழுங்கான ஒப்புதல் இல்லாமல் விற்றதாக ஜெனரல் மோட்டார்ஸ் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது. அங்கே பிரீமியம் ஏறியபிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

எனவே எங்கள் நிலை இது. வண்டி அனுப்பும் பதிவு முழுவதையும் வண்டிக்காரர் தன் போனில் தமிழில் பார்க்க வழி வேண்டும். இன்சூரன்ஸுக்கோ வண்டிக் கடன் கொடுத்த ஃபைனான்ஸுக்கோ அது போவதென்றால் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும்; வண்டி வாங்கும் அன்று நீட்டுகிற கத்தைக் காகிதத்தில் ஒன்றாக அல்ல. ஒப்புதல் கேட்பதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழியில் படிக்க வழி இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. தமிழ் அதில் இருக்கிறது. கருவியை விற்பவர் வண்டியின் ஆயுள் முழுக்கச் சர்வீஸுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஊர் மெக்கானிக்கும் அதைத் திறந்து பார்க்க அனுமதி வேண்டும்.

இது நடக்கும்வரை, ஓட்டும் முறையைக் கணக்கெடுக்கும் பாலிசியில் உறுப்பினர்கள் சேர வேண்டாம். அதற்காகக் கருவியின் வயரைப் பிடுங்கிவிடுவதையும் சங்கம் ஆதரிக்காது. அப்படிச் செய்து மாட்டினால் அபராதத்தை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும்.